கண்ணாடி எதற்கு?

"பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லும்போது நான் கேட்பது கையை மட்டும் அல்ல என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருவர் தோளை அழுத்த வேண்டும், ஒருவர் முழங்காலை அமுக்க வேண்டும், இன்னொருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதற்கு நடுவில் நான் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பை விரலால் தடவி, நரம்பைத் தேட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சோறு உண்ண மறுத்த பிள்ளையை ஒரு தாய் "ஊசி மாமாவைக் கூப்பிடவா?" என்று மிரட்டியதை, மீன் வாங்கப் போன இடத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவர் நான் பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை, பிள்ளை கவனித்துவிட்டது. அன்று நான் மீன் வாங்காமலே திரும்பினேன்.

சென்ற கார்த்திகை மழையில் காய்ச்சல் பரவியிருந்த நாட்களில், ஒரே சிறுமிக்குத் தொடர்ந்து நான்கு காலைகள் ரத்தம் எடுக்க நேர்ந்தது. அந்த நான்கு காலைகளில் இரண்டாவது காலையைப் பற்றித்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துபாயிலிருந்து வந்த பெட்டி

எங்கள் உரிமையாளரின் மகன் துபாயில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வந்தபோது ஒரு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியைக் கொண்டுவந்து, "அண்ணே, இதைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று என் மேசையில் வைத்தார். ஏறத்தாழ அரைக் கிலோ எடை. கண்ணை முழுவதும் மறைத்து, தலையைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிக்கொண்டால், நாம் இருக்கும் அறை மறைந்து வேறோர் இடம் வந்துவிடுகிறது. தலையைத் திருப்பினால் அந்த இடமும் கூடவே திரும்புகிறது. விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களிடம் வாங்க வேண்டியவை வேறு நிறைய இருந்தன. குழந்தைகளுக்கான சிறிய குழாய்களே பாதி நாள் கையிருப்பில் இருப்பதில்லை.

அவர் விடவில்லை, வாசிக்கச் சிலவற்றை அனுப்பினார். வலி என்பது புண்ணில் கிளம்பி மாறாமல் மூளைக்குப் போய்ச் சேரும் தந்தி அல்ல, வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அதைத் திறப்பதிலும் சாத்துவதிலும் மூளைக்கும் பங்கு உண்டு என்று வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் சொன்னது அதில் இருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஹன்டர் ஹாஃப்மேன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர், தீக்காயம் பட்ட இரண்டு இளைஞர்களுக்குக் காயத்தைச் சுத்தம் செய்யும் நேரத்தில் இப்படியொரு கண்ணாடியை மாட்டிப் பார்த்து 2000ஆம் ஆண்டில் எழுதியதும் இருந்தது. தீக்காயத்தில் துணி மாற்றுவதை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். 2004இல் அதே குழுவினர், கண்ணாடிக்குள் இருப்பவர்களின் காலில் சூட்டைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தபோது, வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடே குறைந்திருந்தது. வலியை உணர்வதற்கும் கவனம் செலவாக வேண்டும், நம்மிடம் இருக்கும் கவனமோ ஒரு கைப்பிடி அளவுதான், அதை வேறோர் இடத்தில் செலவழிக்க வைத்தால் வலிக்கு மிச்சம் இராது என்பதுதான் இதன் கணக்கு.

என் மனம் மாறியது வேறோர் ஆய்வைப் படித்தபோது. லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெஃப்ரி கோல்டும் அவருடன் பணிபுரிந்தவரும் 2018இல் வெளியிட்டது அது. ரத்தம் கொடுக்க வந்த 10 முதல் 21 வயது வரையிலானவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் கண்ணாடியும் பாதிப் பேருக்கு வழக்கமான முறையுமாகச் செய்திருக்கிறார்கள். கண்ணாடி அணிந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. அதைவிட என்னைத் தொட்டது, நோயாளி, உடன் வந்த பெரியவர், ரத்தம் எடுப்பவர் என்று மூன்று பேரையும் ஒரு தொகுதியாக வைத்து 143 தொகுதிகளை அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள் என்பது. ரத்தம் எடுப்பவனிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ஆகவே மாட்டிப் பார்த்தேன். முதலில் வந்தவன் 11 வயதுப் பையன், விசைப்படகில் வேலை செய்பவரின் மகன். அவனுக்குக் கடலுக்கடியில் நீந்தும் காட்சியைப் போட்டுவிட்டேன். கையை ஆட்டி விளையாடும் விளையாட்டுகள் எங்கள் வேலைக்கு உதவாது, கை அசைந்தால் ஊசி நழுவிவிடும். தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு முடிந்துவிடும் காட்சிதான் வேண்டும். பவளப்பாறையும் ஆமையும் கடந்து போக, அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஊதா மூடிக் குழாயை நிரப்பி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திய பிறகு, "எப்பண்ணே குத்துவீங்க?" என்று கேட்டான். அவனுடைய அப்பா சிரித்துவிட்டார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மாட்டினேன், பெரும்பாலும் நன்றாகவே போனது. தொல்லைகளும் இருந்தன. எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரப் பிள்ளைக்கும் தலையில் எண்ணெய் வைத்துத்தான் அழைத்து வருவார்கள்; ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் முகத்தில் படும் பஞ்சிலிருந்து தேங்காயெண்ணெயைத் துடைப்பதே தனி வேலையாகிவிட்டது. பேனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

முதல் காலை

அந்தச் சிறுமிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்பிலிருந்து அவளுடைய அப்பத்தா அழைத்து வந்திருந்தார். டெங்குவாக இருக்கலாம் என்று மருத்துவர் எழுதி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) நாள்தோறும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அன்று கண்ணாடியில் சார்ஜ் இல்லை. எனவே பழைய முறையில், மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூன்று பேர் பிடித்து எடுத்தோம். அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள்.

வெளியிலிருப்பவர்கள் அறியாத ஒன்று இதில் உண்டு. திமிறும் பிள்ளையின் கையில் ஊசி சரியாக நிற்காது. ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குழாயில் இருக்கும் உறையாமைப் பொருளோடு அது உடனே கலக்க வேண்டும், குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். தாமதமானால் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் உருவாகி, தட்டணுக்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளும். இயந்திரம் அவற்றை எண்ணாது. அழுகையால் வெள்ளை அணுக்கள் கூடிக் காட்டுவதும் உண்டு. அதாவது பிள்ளையை அமுக்கிப் பிடித்து எடுக்கும் ரத்தம் பொய் சொல்லக்கூடிய ரத்தம். அன்று இயந்திரம் தட்டணுக்களை 38,000 என்று காட்டியது. பயந்துபோய்க் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்துக் கொத்தாகக் கட்டிகள். தவறு என்னுடையது. சாயங்காலம் அவளை மறுபடியும் வரவழைத்து, மறுபடியும் அமுக்கி, மறுபடியும் எடுத்தேன். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. அப்பத்தா என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இரண்டாம் காலை

மறுநாள் கண்ணாடியைத் தயாராக வைத்திருந்தேன். எங்களிடம் இருந்த கண்ணாடிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வயது 10. ஐந்து நிமிடம்தானே என்று அதைத் தாண்டினேன். வாசலைத் தாண்டும்போதே அழ ஆரம்பித்தவள், கண்ணாடியைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "அப்பத்தா கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். அவளுடைய அப்பத்தா பாசி எடுக்கப் போகிறவர். இந்தக் கரையில் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் கடற்பாசி எடுக்கும் பெண்களை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பை, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கி எடுப்பார்கள். அந்தக் கண்ணாடியை வீட்டில் ஆணியில் தொங்கப் பார்த்து வளர்ந்தவள் இவள். எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி, வேலை பாதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடலடிக் காட்சியைப் போட்டேன். சில நொடிகளில் அவள் மார்பு அசையாமல் இருப்பதைக் கவனித்தேன். கன்னங்கள் உப்பியிருந்தன. தண்ணீருக்குள் போய்விட்டோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உலகத்தில் கடலடியைப் பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். "மூச்சு விடு தாயி, இது பொய்த் தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டே முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சை வைத்தேன். அந்தக் குளிர்ச்சி பட்டதும் அலறிவிட்டாள். "யாரு? யாரு தொட்டது?" என்று கேட்டபடி கண்ணாடியைப் பிய்த்து எறிந்தாள்; என் மடியில் விழுந்ததால் உடையாமல் தப்பியது. முதல் நாள் அழுகையில் கோபம் இருந்தது. இந்த அழுகையில் இருந்தது பயம் மட்டும்தான்; தண்ணீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவள் கையைப் பிடித்திருக்கிறது.

அப்பத்தா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து நிதானமாகத்தான் கேட்டார்: "தம்பி, கண்ணாடி போடுறது பாக்கத்தானே? நீங்க பாக்கக் கூடாதுன்னுல்ல போடுறீக."

பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. அன்றைய ரத்தத்தை எப்படி எடுத்தேன் என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை, எடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை கூட வந்தது. பாசி எடுக்கும் பெண் கண்ணாடி அணியாவிட்டால் உப்புநீரில் எல்லாம் மங்கலாகத் தெரியும். பாறையின் விளிம்பும் கடல்முள்ளியின் முள்ளும் தெரியாமல் கையை விட்டால் கிழித்துவிடும். அபாயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிந்து போகும். நானோ அதே பெயருள்ள ஒரு பொருளை, அபாயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருப்பதற்காக மாட்டிவிட்டேன். 11 வயதுப் பையனுக்கு அது விடுதலை. இவளுக்கு அது கண்கட்டு. பையனிடமும் நான் கேட்டுவிட்டு மாட்டவில்லை. அவன் விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான். இன்னும் நேர்மையாகச் சொன்னால், கண்ணாடியில் எனக்குப் பிடித்திருந்தது பிள்ளைக்கு வலி குறைவது மட்டும் அல்ல. அதை மாட்டிய பிறகு பிள்ளையின் கண்கள் என்னைப் பார்ப்பதில்லை. 22 ஆண்டுகளாக என்னைப் பார்த்து மிரண்ட கண்கள் அவை.

மூன்றாம் காலை

அடுத்த நாள் கண்ணாடியை அலமாரிக்குள் வைத்துவிட்டு, "பாக்குறியா, பாக்க வேண்டாமா?" என்று அவளிடமே கேட்டேன். "பாக்குறேன். சொல்லிட்டுக் குத்துங்க" என்றாள். மேசையில் படுக்க வைக்கவில்லை. அப்பத்தாவின் மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்தேன், ஒரு கை அவர் கழுத்தைச் சுற்றி, மறு கை என் பக்கம். மல்லாக்கக் கிடத்தப்பட்ட பிள்ளைக்கு எல்லாருமே தன்மேல் கவிந்து நிற்பவர்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அறை அறையாகவே தெரிகிறது. பட்டை இறுக்கும், ஸ்பிரிட் சில்லென்று இருக்கும், குத்தும்போது வலிக்கும், வலி இரண்டு மூன்று எண்ணுவதற்குள் குறையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழாயில் இருக்கும் கோட்டைக் காட்டி, இரண்டு மில்லி, அரைத் தேக்கரண்டிகூட இல்லை என்றேன். அவள் கோட்டை உற்றுப் பார்த்தாள். "முங்கிட்டு மேல வந்ததும் ஊதுவோம்ல, அது மாதிரி ஊது" என்று அப்பத்தா சொல்லிக்கொடுத்தார். அவள் ஊதினாள், நான் குத்தினேன். வலித்தது. கண்ணில் நீர் வந்தது, உதட்டைக் கடித்தாள், கை அசையவில்லை. "கறுப்பா இருக்கு" என்றாள், ரத்தத்தைப் பார்த்து. குழாய் கோடு வரை ஒரே ஓட்டத்தில் நிரம்பியது. கட்டி எதுவும் இல்லை.

அன்றிரவுதான், துபாய்த் தம்பி அனுப்பியவற்றில் நான் படிக்காமல் விட்டிருந்த ஒன்றைத் திறந்தேன். லக்னோவில் சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தின் மயக்கவியல் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்கு வந்த 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 75 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, நரம்பில் ஊசி ஏற்றும் நேரத்தில் ஒரு குழுவுக்கு ஒன்றும் கொடுக்காமல், ஒரு குழுவுக்குக் கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி, ஒரு குழுவைப் பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். பலூன் ஊதியவர்களுக்குத்தான் வலி மிகக் குறைவு. அடைப்பை எதிர்த்து ஊதும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது, கையின் நரம்புகளும் புடைத்து நிற்கின்றன. கவனமும் வாய்க்குப் போய்விடுகிறது. பலூனுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை, எண்ணெய் துடைக்க வேண்டியதில்லை, ஊதும் பிள்ளையின் கண் திறந்தே இருக்கிறது. கண்ணாடிக்குள் மூச்சைப் பிடித்தவளும் ஏறத்தாழ அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான்தான் அதைக் குறுக்கே மறித்து, விடச் சொன்னேன்.

விஆர் கண்ணாடியைப் பற்றிய ஆய்வுகளையும் மொத்தமாக எடைபோட்டவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 17 ஆய்வுகளை, அவற்றில் 1,008 பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயன் உண்டு என்று சில ஆய்வுகள் காட்டினாலும், அந்தச் சான்றுகளின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றுதான் சொன்னது. இதைச் சொல்வதால் நான் கண்ணாடிக்கு எதிரியாகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். புயலுக்குப் பயப்படாமல் வலை இழுக்கும் மனிதர் ஊசியைக் கண்டதும் மயங்கி என் மேல் சாய்ந்திருக்கிறார். பார்க்க மாட்டேன் என்பவருக்குப் பார்க்காமலிருக்க உரிமை உண்டு, அதற்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. பார்த்தால்தான் எனக்கு நிம்மதி என்பவருக்கு அதே கருவி கொடுமை. யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு 22 ஆண்டு அனுபவம் போதவில்லை. கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை சொல்லிவிடுகிறது.

கேட்பதற்கு முன்னால் விட வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது: "ஒண்ணுமில்ல." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான். பெரியவர்கள் இப்படி ஆறுதல் சொல்லச் சொல்லப் பிள்ளைகளின் கலக்கம் குறைவதற்குப் பதில் கூடுவதைக் கனடாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் குரலில் பிள்ளைகள் கேட்பது ஆறுதலை அல்ல, பெரியவரின் பயத்தை. ஒன்றுமில்லை என்றால் இத்தனை பேர் எதற்குச் சுற்றி நிற்கிறீர்கள் என்பது நியாயமான சந்தேகந்தானே. எறும்பு கடிப்பதாகச் சொல்லப்பட்டு, அது எறும்பு அல்ல என்று கண்டுகொண்ட பிள்ளைதான், பின்னாளில் 50 வயதில் ஆறாத கால் புண்ணோடு வந்து, "சர்க்கரை பார்க்க வேண்டாம் தம்பி, மருந்து மட்டும் குடுங்க" என்று மருந்துக் கடையில் நிற்கிறது.

மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பற்றியும் இங்கே சொல்லலாம். லிக்னோகெயினும் பிரைலோகெயினும் கலந்த களிம்பு பல ஆண்டுகளாகவே கிடைக்கிறது. பூசி, மேலே ஒட்டுத்தாளால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே பூசிவிட்டுப் பேருந்துக்கு நின்றால், இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் தாராளமாகக் கழிந்துவிடும். நம் வழித்தடத்துப் பேருந்துகளால் உண்டாகக்கூடிய ஒரே மருத்துவப் பயன் இதுவாக இருக்கலாம்.

நான்காம் காலையை விட்டுவிட்டேன். அன்று மழை வெறித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் உரிமையாளர், கண்ணாடியின் புகழ் பரவட்டும் என்று வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார், கண்ணாடி மாட்டிச் சிரிக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "குழந்தைகளுக்கு வலியில்லா ரத்தப் பரிசோதனை." வலியில்லா என்று போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்; அடித்தாகிவிட்டது என்றார். சிறுமி வாசலில் நின்று, மூன்றாம் வகுப்பு வேகத்தில் ஒவ்வோர் எழுத்தாக அதைப் படித்தாள். பிறகு உள்ளே வந்து, தானாகவே அப்பத்தாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, அதுல தப்பா எழுதியிருக்கு" என்றாள். தெரியும் என்றேன். வலது கை இன்னும் நோகிறது என்று சொல்லி, இடது கையை நீட்டினாள்.